பாத்திமாவில் கதிரவன் ஆடியதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ச்சுகல் நாட்டில் பாத்திமா என்ற சிற்றூருக்கு அருகே 1917-ஆம் ஆண்டு பல்லாயிரம் பேர் கூடி நின்று கண்டதாகச் சொல்லப்படும் 'கதிரவன் புதுமை'யை (புதுமை என்று கத்தோலிக்கர் சொல்வது அற்புதத்தை) பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறத்தாழ அதே கேள்விகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. விசுவாசிகள் கேட்பவையும் மறுப்பவர்கள் கேட்பவையும் இவற்றில் கலந்தே இருக்கின்றன. இரு தரப்பாரும் எதிராளியின் வலுவான வாதத்தை ஒதுக்கிவிட்டு நொய்ந்த வாதத்தைத் தேடிப் பிடித்து அடிப்பது வழக்கமாகிவிட்டதால், வலுவானவற்றுக்கே இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

அன்று நடந்ததாகச் சொல்லப்படுவது சரியாக என்ன?

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூன்று குழந்தைகள், அதாவது பத்து வயது லூசியாவும் அவளுடைய அத்தை பிள்ளைகளான எட்டு வயது பிரான்சிஸ்கோவும் ஏழு வயது ஜசிந்தாவும், 1917 மே 13 அன்று கோவா தா ஈரியா என்ற மேய்ச்சல் நிலத்தில் ஒளி பொருந்திய ஒரு பெண்மணியைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் இயேசுவின் தாய் மரியாள் என்பது விசுவாசிகளின் நம்பிக்கை. அதன்பின் ஒவ்வொரு மாதமும் 13-ஆம் தேதி காட்சி தொடர்ந்ததாகக் கூறினார்கள். ஆகஸ்டில் மட்டும், வட்டார நிர்வாக அதிகாரி குழந்தைகளைப் பிடித்து வைத்திருந்ததால், 19-ஆம் தேதி வேறோர் இடத்தில் காட்சி கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது. அக்டோபரில் எல்லாரும் நம்பும்படி ஒரு புதுமை நிகழும் என்ற வாக்குறுதி ஜூலையிலேயே ஊருக்குள் பரவிவிட்டது.

அக்டோபர் 13 அன்று காலையிலிருந்து மழை. சேற்றில் குடை பிடித்து நின்ற கூட்டத்தின் மேல் நண்பகல் கடந்தபின் மழை ஓய்ந்து மேகம் விலகியது. அப்போது கதிரவன் கண் கூசாமல் பார்க்கக்கூடிய மங்கிய வெள்ளித் தட்டைப் போலத் தோன்றியது என்றும், சுழன்றது, பல நிறங்களை வீசியது, நடுங்கியது, ஒரு கட்டத்தில் கூட்டத்தின் மேல் விழுவதுபோல இறங்கி மீண்டும் தன் இடத்துக்குத் திரும்பியது என்றும் சாட்சிகள் சொல்கிறார்கள். இடையிடையே நின்று தொடர்ந்த அந்தக் காட்சி மொத்தம் பத்து நிமிட அளவில் முடிந்ததாகப் பொதுவாகக் கூறப்படுகிறது.

பல்லாயிரம் பேர் கண்ணால் கண்ட பிறகு விவாதிக்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தால் விவாதத்தின் பாதிச் சூடு தணிந்துவிடும்.

முதலாவது, அந்த மக்கள் கதிரவனை நோக்கியபோது வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கண்டார்களா என்பது. இரண்டாவது, அவர்கள் கண்ட அந்த மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்பது: வானத்தில் இருக்கும் சூரியனிலா, நமக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள காற்றிலும் மேகத்திலுமா, அல்லது பார்ப்பவரின் கண்ணிலா? சாட்சிகளின் எண்ணிக்கை முதல் கேள்விக்கு மிகச் சிறந்த சான்று. ஆயிரக்கணக்கானோர் சொல்லிவைத்துப் பொய் பேசினார்கள் என்று வாதிடுவது அறிவுக்குப் பொருந்தாது. அவர்கள் கண்டார்கள் என்பதை நான் தயக்கமின்றி ஏற்கிறேன். ஆனால் இரண்டாவது கேள்விக்கு எண்ணிக்கை எந்த விடையும் தருவதில்லை. ஆற்று நீரில் பாதி அமிழ்ந்த துடுப்பு வளைந்து தெரிவதை லட்சம் பேர் பார்த்தாலும் துடுப்பு வளைந்துவிடாது. அந்த லட்சம் பேரில் ஒருவர்கூடப் பொய்யரும் அல்லர். எல்லாருக்கும் ஒரே அமைப்புள்ள கண் இருக்கும்போது, ஒரே செயலைச் செய்த எல்லாருக்கும் ஒரே வகையான தோற்றம் கிடைப்பதில் வியப்பதற்கு அவ்வளவாக ஒன்றுமில்லை.

எத்தனை பேர் இருந்தார்கள்? எல்லாரும் ஒன்றையே கண்டார்களா?

முப்பதாயிரம் அல்லது நாற்பதாயிரம் என்பது நிகழ்விடத்தில் இருந்த பத்திரிகையாளரின் கணிப்பு. ஒரு லட்சம் என்றும் ஒரு கணிப்பு உண்டு. யாரும் தலை எண்ணவில்லை.

எல்லாரும் ஒன்றையே கண்டார்கள் என்பது பிற்காலத்தில் சுருக்கிச் சொல்லப்பட்ட கதை. சிலர் நிறங்களை மட்டும் சொல்கிறார்கள். சிலர் சுழற்சியை மட்டும். சிலர் சூரியன் இறங்கியதை விரிவாகச் சொல்லி நிறங்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எதையும் காணவில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். குழந்தைகளோ தாங்கள் திருக்குடும்பத்தை, அதாவது மரியாள், யோசேப்பு, குழந்தை இயேசு மூவரையும், வானத்தில் கண்டதாகச் சொன்னார்கள். கூட்டத்துக்கு அது தெரியவில்லை. இந்த வேறுபாடுகளைக் காட்டி 'எல்லாம் கட்டுக்கதை' என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நேர்மையான சாட்சியங்கள் இப்படித்தான் இருக்கும். அச்சு மாறாமல் ஒன்றாக இருந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கும். ஆயினும், வானத்தில் ஒரு பொருள் உண்மையாகவே நகர்ந்திருந்தால் அது எந்தத் திசையில் நகர்ந்தது என்பதிலாவது சாட்சிகள் ஒத்துப்போயிருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயந்தானே?

சூரியனே அசைந்திருக்க முடியாதா?

அசைந்திருந்தால் அந்நேரத்தில் பகலாக இருந்த நாடுகள் அனைத்திலும் தெரிந்திருக்க வேண்டும். லிஸ்பன் வானியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த பிரெதெரிக்கோ ஓமிடம் அப்போதே இது கேட்கப்பட்டது. அண்டவெளியில் நிகழ்ந்த ஒன்றாக இருந்திருந்தால் ஆய்வகங்கள் பதிவு செய்யத் தவறியிருக்க மாட்டா, அப்படி எந்தப் பதிவும் இல்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே இறைநம்பிக்கையுள்ள அறிஞர்களில் பெரும்பாலோரும் சூரியன் என்ற கோளம் நகர்ந்ததாக வாதிடுவதில்லை. விவாதம் மீதியுள்ள இரண்டு இடங்களைப் பற்றியதுதான்: மேகமா, கண்ணா.

கண்ணுக்குள் நடந்தது என்றால், அது எப்படி?

நம் விழித்திரையில் சூரியனின் பிம்பம் விழும் வட்டம் மிகச் சிறியது. குறுக்களவு சுமார் 0.16 மில்லிமீட்டர். நேராக உற்றுப் பார்க்கும்போது அந்த வட்டம் பார்வையின் கூர்மை மிகுந்த மையப் புள்ளியில் விழுகிறது. அங்குள்ள ஒளி உணர் செல்களின் நிறமி சில வினாடிகளிலேயே வெளுத்துப்போகிறது. வெளுத்த இடம் ஒளிக்குச் சரியாக எதிர்வினை காட்டாது. ஆகவே சுட்டெரித்த நடுப்பகுதி மங்கிச் சாம்பல் பூத்த வெள்ளித் தட்டாகிவிடுகிறது.

இனி அந்தத் தட்டு சுழல்வதைப் பார்ப்போம். கண்ணை எவ்வளவுதான் ஓரிடத்தில் நிறுத்தினாலும் அது நுண்ணளவில் இடைவிடாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கம் நமக்குத் தெரிவதில்லை. நடுக்கத்தால் சூரியனின் பிம்பம் வெளுத்த வட்டத்தைவிட்டு ஒரு மயிரிழை விலகும்போது, விலகிய பக்கத்தில் மட்டும் புதிய செல்களின் மேல் ஒளி பட்டு, பிறைபோல ஒரு பளிச்சென்ற விளிம்பு தோன்றும். அடுத்த நடுக்கத்தில் அந்த விளிம்பு வேறு பக்கத்துக்கு மாறும். மங்கிய தட்டைச் சுற்றி ஒளி விளிம்பு ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பார்ப்பவர் என்ன சொல்வார்? சுழல்கிறது என்பார், தீச்சக்கர வாணம்போலச் சுழன்றது என்றுதான் சாட்சிகள் பலர் சொன்னார்கள்.

நிறங்களுக்கும் இதே இடத்தில்தான் காரணம் இருக்கிறது. நிறம் உணரும் செல்கள் மூன்று வகை. வெளுத்தபின் அவை மீளும் வேகம் ஒன்றுபோல இருப்பதில்லை. எந்த வகை பின்தங்குகிறதோ அதற்கேற்ப ஊதா, மஞ்சள், பச்சை என்று நிறம் மாறிக்கொண்டே போகும். அதன்பின் தலையைத் திருப்பி எதைப் பார்த்தாலும், மரமோ பக்கத்தில் நிற்பவரின் முகமோ, அந்தச் சாயல் அதன்மேல் ஏறி நிற்கும்.

கீழே விழுவதுபோன்ற தோற்றத்துக்கு மட்டும் விளக்கம் இந்த அளவுக்கு உறுதியாக இல்லை. பெல்ஜிய இயற்பியலாளர் ஓகுஸ்ட் மெஸ்ஸன், இதையெல்லாம் தம் கண்ணாலேயே சோதித்துப் பார்த்து, மங்கிய தட்டையும் நிற வளையங்களையும் கண்டதாக எழுதியவர். தொலைவைக் காட்டும் வேறு அடையாளம் எதுவும் இல்லாத ஒரு வட்டத்தைப் பார்க்கும்போது, அது நம்மை நோக்கி வருகிறதோ என்ற ஐயத்தை மூளை ஆபத்தின் பக்கமாகவே தீர்த்துக்கொள்கிறது என்பது அவர் கருத்து. மேகத்தின் தடிமன் மாற மாற ஒளி கூடிக் குறைவதும் இதற்குத் துணை செய்திருக்கலாம். இது ஏற்கத்தக்க கருத்து என்றே நினைக்கிறேன். நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

நண்பகல் சூரியனை வலியில்லாமல் எப்படிப் பார்த்தார்கள்?

அக்டோபர் நடுவில் அந்த அட்சரேகையில் நண்பகல் சூரியன் தொடுவானிலிருந்து சுமார் 42 பாகை உயரத்தில்தான் இருக்கும். என்றாலும் தெளிந்த வானில் அதை நிமிடக்கணக்கில் யாராலும் பார்க்க முடியாது. அன்று வானம் தெளிந்திருக்கவில்லை. மழை ஓய்ந்த கையோடு மேகங்கள் கலைந்துகொண்டிருந்தன. மெல்லிய மேகப் படலம் சூரியனுக்கு முன்னால் கடந்து சென்றிருந்தால் கூச்சம் தாங்கும் அளவுக்குக் குறைந்திருக்கும். மேகம் ஓடுவதும் தனக்கென ஒரு மாயத்தைச் செய்யும்: மேகத்துக்குள் நிலா ஓடுவதாகப் பார்த்துச் சிரிக்காத குழந்தை உண்டா?

இதற்கு விசுவாசிகள் காட்டும் மறுப்பு எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. அல்மெய்தா கரெத் என்ற கற்றறிந்த சாட்சி எழுதிய விரிவான கடிதத்தில், தாம் கண்ட வட்டம் மூடுபனிக்குள் தெரியும் சூரியனைப்போல மங்கலாக இல்லை, விளிம்பு கூர்மையாக வெட்டி எடுத்ததுபோல இருந்தது என்று வலியுறுத்துகிறார். இன்னும் ஒரு படி மேலே போய், தம் விழித்திரைதான் பாதிக்கப்பட்டதோ என்று அப்போதே ஐயுற்று, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, கண்களை மூடிக் கையால் மறைத்துத் திறந்தபோதும் சுற்றுப்புறம் முழுதும் ஊதா நிறமாகவே இருந்தது என்கிறார். சற்றுப் பின்னர் எல்லாம் பழைய மஞ்சள் பட்டு நிறமாகி, மக்கள் மஞ்சள் காமாலை கண்டவர்களைப்போலத் தெரிந்தார்களாம்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் அம்மனிதர்மேல் மதிப்புக் கூடுகிறது. அந்தக் கூட்ட நெரிசலில் சரியான ஐயம் அவருக்கு வந்தது, அதைச் சோதிக்கவும் செய்தார். ஆனால் அவர் செய்த சோதனை போதாது. வெளுத்த நிறமி மீளப் பல நிமிடம் ஆகும். கண்ணைச் சில நொடி மூடித் திறப்பதால் அது தெளிந்துவிடாது. சூரியனுக்கு முதுகு காட்டிய பிறகும் நிறம் தொடர்ந்தது என்பது, நிறம் வானத்திலிருந்து வரவில்லை, அவர் கூடவே வந்தது என்பதற்குத்தான் சான்றாகிறது. கூர்மையான விளிம்பைப் பொறுத்தவரை, சீரான மெல்லிய படலத்தின் வழியே சூரியனின் விளிம்பு தெளிவாகவே தெரியும். மூடுபனியோடு ஒப்பிட்டதால் அவர் அந்த வாய்ப்பைக் கருதவில்லை.

அப்படியானால் இது கூட்டு மாயத்தோற்றமா?

இல்லை, புதுமையை மறுப்பவர்கள் இந்தச் சொல்லைக் கைவிட்டால் நல்லது. இல்லாத ஒன்றை மனம் உண்டாக்கிக் காட்டுவது மாயத்தோற்றம். இங்கே உண்மையான சூரியன் இருந்தது, உண்மையான ஒளி கண்ணுக்குள் போனது, விழித்திரையில் உண்மையான வேதிமாற்றம் நடந்தது. எதிர்பார்ப்பு செய்த வேலை வேறு: எல்லாரையும் ஒரே நேரத்தில் மேலே பார்க்க வைத்ததும், சாதாரணமாக யாரும் பொறுத்துக்கொள்ளாத அளவு நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வைத்ததும், 'அதோ சுழல்கிறது' என்று ஒருவர் கூவியதும் மற்றவர் தம் கண்ணில் தெரிவதற்கு அதே பெயரைச் சூட்ட வைத்ததும் அதுதான். சூரியனைப் பாருங்கள் என்று முதலில் கூவியவள் லூசியா என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

நம்பாத பத்திரிகையாளரே கண்டு எழுதினாரே?

அவெலினோ தெ அல்மெய்தா, லிஸ்பனின் 'ஓ செக்குலோ' நாளிதழின் தலைமை ஆசிரியர். 1910-இல் முடியாட்சி கவிழ்ந்து குடியரசு வந்தபின் அந்நாட்டு அரசுக்கும் திருச்சபைக்கும் கடும் பகை நிலவிய காலம் அது. அவருடைய இதழ் குருமாருக்கு நட்பான இதழ் அன்று. நிகழ்வுக்கு முன் அவர் எழுதியதில் கேலி தொனித்தது. அக்டோபர் 15 அன்று வெளியான அவருடைய செய்தியில் கேலி இல்லை. கதிரவன் நடுங்கியது, அண்ட விதிகளுக்கு ஒவ்வாதபடி அசைந்தது என்றெல்லாம் எழுதி, மக்களுடைய சொல்லிலேயே சொன்னால் அது 'ஆடியது' என்று பதிவு செய்தார்.

அவருடைய நேர்மைக்கு இது சான்று. ஆனால், கண் தொடர்பான விளக்கத்துக்கு அவர் எதிர்ச் சாட்சி ஆவதில்லை, ஏனெனில் நம்பாதவரின் விழித்திரையும் நம்புகிறவரின் விழித்திரையைப் போலத்தான் வெளுக்கும். பக்தியால் விளைந்த மனமயக்கம் என்று சொல்பவர்களைத்தான் அவர் முறியடிக்கிறார்.

நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர்களும் கண்டார்களாமே?

சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் சாவ் பெத்ரு தெ மொயெல் என்ற கடற்கரை ஊரில் தம் வீட்டு மாடியில் இருந்த கவிஞர் அபோன்சு லோப்பஸ் வியெய்ரா வானில் அதிசயம் கண்டதாகச் சொன்னார். அல்புரிதேல் என்ற அண்டை ஊரில் அன்று பள்ளிச் சிறுவனாக இருந்து பின்னர் குருவான ஒருவரும், ஊரார் தெருவுக்கு ஓடிவந்து கண்டதை விவரித்திருக்கிறார். இவ்விரண்டு சாட்சியங்களும் பதிவானது பல ஆண்டுகள் கழித்து. அவற்றை அப்படியே ஏற்றாலும், அந்த வட்டாரத்தில் எந்தத் தேதியில், எந்த நேரத்தில் புதுமை நிகழும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பதை மறக்கலாகாது. தேதி தெரியாத ஒருவர், எதிர்பாராமல் அண்ணாந்து பார்த்து இதைக் கண்டதாக அன்றே எழுதி வைத்திருந்தால் என் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்வேன்.

மழையில் நனைந்த உடைகள் நொடியில் உலர்ந்தனவே?

ஆண்டுகள் பல கடந்தபின் திரட்டிய சாட்சியங்களில்தான் இது அழுத்தமாக வருகிறது. எனினும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொப்பலாக நனைந்த உடையில் ஒரு லிட்டர் நீர் இருந்ததாகக் குறைத்தே வைத்துக்கொள்வோம். அதைப் பத்து நிமிடத்தில் ஆவியாக்க ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 4 கிலோவாட் வெப்பம் வேண்டும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குத் தருவது அதிகபட்சம் 1 கிலோவாட் அளவே. நான்கு மடங்கு வெயில் அடித்திருந்தால் மேலே பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் வெந்திருக்கும். யாருக்கும் அப்படி ஆகவில்லை. வெயிலும் காற்றும் பட்டு மேலாடையின் ஈரம் குறைந்ததை நினைவு பெரிதாக்கிக்கொண்டது என்பதே என் கணிப்பு. புதுமை என்று ஏற்பவருக்கு இந்தக் கணக்கு தடையாகாது என்பதும் எனக்குத் தெரியும். வெப்பமில்லாமலே உலர வைக்கவும் இறைவனால் முடியும் என்பார் அவர். அந்த இடத்தில் விவாதம் நின்றுவிடும்.

தேதியை மூன்று மாதம் முன்பே குழந்தைகள் சொன்னது எப்படி?

புதுமையை ஏற்போரின் கையிலுள்ள மிக வலுவான வாதம் இதுதான். கண்ணைப் பற்றி மேலே சொன்னவை எல்லாம் சரியாகவே இருக்கட்டும். அந்த நாளில், அந்த நேரத்தில், மழை ஓய்ந்து, மேகம் வேண்டிய அளவுக்கு மெலிந்து வழிவிட்டது எப்படி?

என் பதில் இரண்டு பகுதியாக வரும். குழந்தைகள் முன்கூட்டிச் சொன்னது ஒரு புதுமை நிகழும் என்பதை மட்டுமே. அது கதிரவனில் நிகழும் என்று சொல்லவில்லை. அன்று மேகத்தில் ஓர் உருவமோ, இடியோ, வானவில்லோ, ஒரு நோயாளியின் குணமோ நேர்ந்திருந்தாலும் வாக்கு நிறைவேறியதாகவே கொள்ளப்பட்டிருக்கும். பல்லாயிரம் பேர் விடியலிலிருந்து வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் ஒரு நாளில், மாறிக்கொண்டிருக்கும் அக்டோபர் வானிலை எதையுமே காட்டாமல் போயிருப்பதற்கான வாய்ப்பு, நாம் முதலில் நினைப்பதைவிடக் குறைவு. இரண்டாவதாக, அன்று மாலையே லூசியாவிடம் விசாரித்தபோது, போர் இன்றே முடியும் என்று அந்தப் பெண்மணி கூறியதாக அவள் சொன்னது பதிவாகியிருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்தது 1918 நவம்பர் 11 அன்று. குழந்தை சொல்லைத் தவறாக நினைவில் வைத்திருக்கலாம் என்பது இதற்குத் தரப்படும் சமாதானம். நிறைவேறிய வாக்கை எழுத்துக்கு எழுத்து சரியாகக் கொண்டு, நிறைவேறாததை மட்டும் நினைவுப் பிழை என்பது முறையா?

இவ்வளவுக்குப் பிறகும், அந்தக் காலப் பொருத்தத்தைக் கண்டு ஒருவர் நெஞ்சம் நெகிழ்ந்தால் நான் அவரைக் குறைசொல்ல மாட்டேன். கிடைக்கும் இயற்கை விளக்கங்கள் காட்சியை விளக்குகின்றன. தற்செயலை யாரும் விளக்குவதில்லை, தற்செயல் என்று பெயர் மட்டும் வைக்கிறோம்.

1995-இல் பிள்ளையார் பால் குடித்ததும் இதுவும் ஒன்றுதானா?

எண்ணற்றோர் ஒரே நாளில் கண்டது என்ற அளவில் ஒன்று. ஆராய்ச்சிக்குக் கிடைத்த வாய்ப்பில் முற்றிலும் வேறு. 1995 செப்டம்பர் 21 அன்று டில்லியில் விடியுமுன் தொடங்கிய செய்தி அன்றே இந்தியா முழுதும் பரவி, கடல் கடந்த நாடுகளின் கோயில்களையும் எட்டியது. கரண்டிப் பாலைத் துதிக்கையோடு சேர்த்துப் பிடித்தால் பால் குறைந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. அரசின் அறிவியல் துறையினர் பாலில் நிறம் கலந்து கொடுத்தபோது, அது சிலையின் மேற்பரப்பில் மெல்லிய படலமாக வழிந்து இறங்குவது தெரிந்தது. கரண்டியின் விளிம்பில் பால் புடைத்து நிற்கும். ஈரமான கல் அதைத் தொட்டதும் பரப்பு இழுவிசை பாலை இழுத்துக்கொள்ளும், மீதியைப் புவியீர்ப்பு கீழே கொண்டுபோகும். வெள்ளைப் பளிங்கின் மேல் வெள்ளைப் பால் படலமாக ஓடினால் யார் கண்ணுக்குத் தெரியும்?

சிலை மறுநாளும் அங்கேயே இருந்தது. யார் வேண்டுமானாலும் கரண்டியை எடுத்துச் சோதிக்கலாம். பாத்திமாவில் அந்தப் பத்து நிமிடத்தைத் திரும்பக் கொண்டுவர இயலாது. கூட்டத்தைக் காட்டும் ஒளிப்படங்கள் இருக்கின்றன. அவற்றில் மக்கள் அண்ணாந்து நிற்கிறார்கள், கண்ணுக்கு மேல் கை வைத்திருக்கிறார்கள். கதிரவன் ஆடியதைக் காட்டும் நம்பத்தகுந்த படம் ஒன்றுகூட இல்லை.

இதே காட்சி வேறெங்கும் தோன்றியிருக்கிறதா?

தோன்றியிருக்கிறது, பலமுறை. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950-இல் வத்திக்கான் தோட்டத்தில் உலவும்போது, அக்டோபர் 30, 31, நவம்பர் 1, 8 ஆகிய நாள்களில் கதிரவன் இதே போலத் தோன்றியதைக் கண்டதாகக் குறித்து வைத்தார். உரோமை நகரில் வேறு யாரும் அதைக் காணவில்லை. ஜெர்மனியின் ஹெரோல்ட்ஸ்பாக்கில் 1949-இலும், பின்னர் பொஸ்னியாவின் மெட்ஜுகோரியேவிலும் திருப்பயணிகள் சுழலும் சூரியனைக் கண்டதாகச் சொன்னார்கள். இவற்றில் ஹெரோல்ட்ஸ்பாக் காட்சிகளைத் திருச்சபையே ஏற்கவில்லை. ஏற்கப்பட்ட இடத்திலும் ஏற்கப்படாத இடத்திலும் கதிரவன் ஒரே மாதிரி ஆடுகிறது என்பது என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் மிக முக்கியமான செய்தி. ஒவ்வோர் இடத்துக்கும் பொதுவாக இருப்பது சூரியனை உற்றுப் பார்த்த கண்கள்தாம்.

திருச்சபையின் நிலைப்பாடு என்ன? நம்பியே ஆக வேண்டுமா?

பாத்திமா அடங்கிய லெய்ரியா மறைமாவட்டத்தின் ஆயர் 1930 அக்டோபர் 13 அன்று குழந்தைகளின் காட்சிகள் நம்பத்தக்கவை என்று அறிவித்தார். நம்பத்தக்கவை என்பது வேறு, நம்பியாக வேண்டியவை என்பது வேறு. இத்தகைய தனி வெளிப்பாடுகளை ஏற்காத கத்தோலிக்கர் விசுவாசத்துக்கு எதிராக நடந்தவர் ஆவதில்லை.

இயற்கை விளக்கம் கிடைத்துவிட்டால் அது புதுமை இல்லை என்று ஆகிவிடுமா?

இயற்பியலாளரும் பெனடிக்ட் சபைக் குருவுமான ஸ்டான்லி யாக்கி இதற்குச் சொன்ன பதில் எனக்குப் பிடித்தமானது. அன்று நடந்தது வளிமண்டலத்தில் நிகழ்ந்த இயற்கை நிகழ்ச்சியே என்றும், பனித்துகள்கள் கொண்ட காற்றுப் படலம் கண்ணாடி வில்லையைப்போலச் செயல்பட்டிருக்கலாம் என்றும் அவர் கருதினார். அது குறித்த நேரத்தில் நிகழ்ந்ததுதான் புதுமை என்றார். அவருடைய காற்று வில்லை எனக்குத் தேவையற்றதாகப் படுகிறது, ஏனெனில் கண்ணே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் அவர் கேள்வியைப் பிரித்த விதம் சரியானது. எப்படி நடந்தது என்பதை அறிவியல் ஆராயலாம். அது யாரேனும் ஒருவரின் நோக்கத்தால் நடந்ததா என்ற கேள்வியை விழித்திரையை வைத்துத் தீர்க்க முடியாது. இரு தரப்பும் முதல் கேள்வியில் வென்றுவிட்டு இரண்டாவதிலும் வென்றதாக அறிவித்துக்கொள்வதுதான் சிக்கல்.

நானே சூரியனைப் பார்த்துச் சோதித்துக்கொள்ளலாமா?

கூடாது. மெஸ்ஸன் செய்தாரே என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லை. வெந்துகொண்டிருக்கும்போது எந்த எச்சரிக்கையும் கிடைக்காது, பார்வையின் நடுவே கரும்புள்ளி விழுந்திருப்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். 2008-இல் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில், கதிரவனில் தேவமாதாவின் உருவம் தெரிவதாகப் பரவிய பேச்சை நம்பி வெறுங்கண்ணால் உற்றுப் பார்த்த சுமார் 50 பேர் பார்வைப் பாதிப்போடு மருத்துவமனைக்கு வந்ததாகச் செய்திகள் வெளியாயின. கண்ணில் சாயல் எப்படித் தங்குகிறது என்று பார்க்க விரும்பினால், நல்ல வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் மேல் சிவப்பு வட்டம் ஒன்றை வைத்து அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். அதன் ஓரத்தில் ஒளி விளிம்பு ஒன்று துடித்து இடம் மாறுவது தெரியத் தொடங்கும். வட்டத்தை எடுத்துவிட்டால் அதே இடத்தில் நீலப்பச்சை வட்டம் ஒன்று மிதக்கும். கண்ணை மூடித் திறந்து பாருங்கள், கரெத் பார்த்ததுபோல. அது அப்போதும் அங்கேயே இருக்கும்.